முக்கொம்பு முதல் கல்லணை வரை: ஒரு காவிரிக் கெண்டையின் கதை

அருளியஸ் கெண்டை காவிரிப் படுகைக்கே உரிய மீன். டாக்கின்சியா அருளியஸ் என்பது அதன் விலங்கியல் பெயர். காவிரியின் மேல்பகுதியிலும் கபினி, மோயாறு, பவானி ஆகிய துணையாறுகளிலும், மலையை விட்டு இறங்கும் தண்ணீர் கல்லிலும் சரளையிலும் மோதி ஓடும் இடங்களில் கூட்டம் கூட்டமாகத் திரியும். வளர்ந்த மீன் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் இருக்கும். வெள்ளி மின்னும் உடலில் மேலிருந்து கீழாகக் கரும்பட்டைகள் இறங்கும். ஒளி சாய்வாக விழும்போது செதில்களில் பச்சையும் ஊதாவும் மாறி மாறித் தெரியும். ஆண் மீனின் முதுகுத் துடுப்பில் கதிர்கள் இழைகளாக நீண்டிருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் அதன் மூக்கின்மேல் ஊசிமுனை அளவில் வெண்ணிற முண்டுகள் எழும்பும். பாசி, பூச்சி, புழு, தண்ணீரில் விழுந்து மட்கிய இலைதழை எல்லாம் அதற்கு உணவு. முட்டைகளை நீர்த்தாவரங்களுக்கு நடுவே சிதறவிட்டுப் போய்விடும். குஞ்சுகளைக் காவல் காக்கும் வழக்கம் இல்லை.

இந்த மீனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான அவரைப் பறவை ஆய்வாளராகத்தான் பலருக்குத் தெரியும். தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி 1849-ல் ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையில்தான் அருளியஸ் முதன்முதலாக இடம்பெற்றது. இன்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது அருகிவரும் இனம்.

அதே பெயரில் உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் நீந்தும் மீன்களோ பெரும்பாலும் வேறொரு ஆற்றைச் சேர்ந்தவை. காவிரி மீனுக்கு நேர்ந்ததை விளங்கிக்கொள்ளத் திருச்சியும் ஸ்ரீரங்கமும் நல்ல இடங்கள். மலையிலிருந்து வரும் தண்ணீர் இங்கே இரண்டாகப் பிரிகிறது. பழைய அணைகளும் புதிய கதவணைகளும், படித்துறைகளும் வண்ணமீன் கடைகளும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்: இந்த வழியில் அருளியஸை ஆற்றில் பார்க்க முடியாது. அதன் இருப்பிடம் காவிரியின் மேல்பகுதியும் மலையிலிருந்து இறங்கும் துணையாறுகளும். அங்கிருந்து இங்கு வந்து சேர்வது தண்ணீர் மட்டும்தான்.

திருச்சியிலிருந்து கரூர் செல்லும் சாலை காவிரியின் தென்கரையை ஒட்டியே போகிறது. கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் உய்யக்கொண்டான் வாய்க்காலும் வாழைத் தோட்டங்களும். ஆற்று மணலுக்கு அடியிலிருந்து குடிநீர் எடுக்கும் கிணறுகள் ஆற்றுக்குள்ளேயே நிற்கின்றன. திருச்சியின் குடிநீர் இப்படித்தான் வருகிறது. கோடையில் மேலே ஒரு சொட்டு ஓடாதபோதும் மணலுக்குள் தண்ணீர் தங்கியிருப்பதால்தான் இது நடக்கிறது. மணல் போனால் அந்த இருப்பும் போய்விடும். வறண்ட மாதங்களில் மீன்கள் ஒதுங்கும் மடுக்களும் இந்த ஊற்றை நம்பியவையே.

நகரத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பு. மேட்டூரிலிருந்து ஏறக்குறைய 177 கிலோமீட்டர் வந்த காவிரி இங்கே இரண்டாகிறது. வடக்கே பிரிவது கொள்ளிடம். காவிரி என்ற பெயரோடு தெற்கே போவது பாசனத்துக்கான கிளை. இரண்டுக்கும் நடுவில் உள்ள தீவுதான் ஸ்ரீரங்கம். கொள்ளிடம் தாழ்வானது, நேரானது. வெள்ளம் அந்தப் பக்கம்தான் பாயப் பார்க்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிக் கிளையில் வண்டல் மேடிட்டு, தஞ்சைக்குப் போக வேண்டிய தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கி வீணானது. அதைத் தடுக்கவே 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். அந்த வரிசையில் வந்த கதவணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் இடிந்து போயின. அதற்குச் சில நாள் முன்புதான் ஸ்ரீரங்கத்தையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைத்த 1928-ஆம் ஆண்டின் இரும்புப் பாலத்தின் தூண்கள் அதே கொள்ளிட வெள்ளத்தில் சரிந்தன. இடிந்த மதகுகளுக்கு மாற்றாக இப்போது புதிய கதவணை நிற்கிறது.

அணையின் மேல்பக்கம் தேங்கி நிற்கும் நீரில் பரிசல் ஓடும், வலை விழும். வலையில் ஏறும் மீன்களைக் கூர்ந்து பார்த்தால் ஆற்றின் நிலைமை தெரிந்துவிடும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கை பக்கத்து மீன்கள். விளைச்சலுக்காக இருபதாம் நூற்றாண்டில் காவிரியில் விடப்பட்டவை. ஜிலேபி ஆப்பிரிக்காவின் மீன். 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. நாட்டு மீன்களான கெளுத்தி, விரால், சேல், ஆரால், உளுவை, கெண்டை வகைகள் இவற்றுக்கு நடுவே கலந்து வருகின்றன. தேங்கிய நீரில் ஜிலேபிக்கு வசதி அதிகம். ஆண் மணலில் குழி பறித்துக் கூடு அமைக்கும். பெண் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். முட்டையைச் சிதறவிட்டுப் போகும் கெண்டைகள் இந்தப் போட்டியில் தோற்பது இயல்பு. மேலே அருளியஸின் ஆறுகளிலும் இதே கதைதான். காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜசாகர் 1931-லும், மேட்டூர் 1934-லும், பவானியில் பவானிசாகர் 1955-லும், கபினி அணை 1974-லும் முடிந்தன. ஓடுநீரை விரும்பும் ஒரு மீனின் வாழிடம் அந்தந்த அணைக்குமேல் நீர்த்தேக்கமாக மாறிவிட்டது. மிச்சமிருக்கும் ஓட்டத்தில்தான் அது ஒதுங்கி வாழ்கிறது.

முக்கொம்பிலிருந்து திரும்பி, 1976-ல் திறந்த காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். ஏழு திருச்சுற்றுகளும், 1987-ல் முடிந்த 236 அடி உயர ராஜகோபுரமும் கொண்ட ரங்கநாதர் கோயிலுக்கு வருபவர்கள் முதலில் இறங்கும் இடம் அம்மா மண்டபம் படித்துறை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால் ஆடிப் பதினெட்டுக்கு இங்கே நீர் தளும்பும். மேட்டூரில் இருப்பு இல்லாத ஆண்டுகளில் மணல்தான். தண்ணீர் ஓடும் நாட்களில் கீழ்ப்படியில் காலை நனைத்து அசையாமல் நின்றால், விரல் நீளப் பொடிமீன்கள் கூட்டமாக வந்து பாதத்தைக் கொத்தும். வாலின் அடியில் ஒரு கரும்புள்ளி, வெளிர் வெள்ளி உடல், உள்ளே ஓடும் குடல்கூட மங்கலாகத் தெரியும் மெல்லிய வயிறு: இவை சமவெளிக் கெண்டைகள். வீசிய பொரியில் ஒன்றை நாலைந்து மீன்கள் முட்டி மோதிச் சுற்றவைக்கும். அருளியஸும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இவை வெதுவெதுப்பான, கலங்கிய, ஓட்டம் குறைந்த நீரையும் தாங்கும். அருளியஸுக்கு உயிர்வளி நிறைந்த தெளிந்த ஓட்டம் வேண்டும். பிழைத்துக் கிடப்பதற்கும் அருகிவருவதற்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதுதான்.

படித்துறையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் திருச்சியின் கடைவீதிகளில் வண்ணமீன் கடைகள் இருக்கின்றன. தமிழகத்தில் இந்தத் தொழிலின் தலைமை இடம் சென்னை கொளத்தூர். நாட்டின் பெரிய வண்ணமீன் சந்தைகளில் அது ஒன்று. ஆக்சிஜன் அடைத்துக் கட்டிய பாலித்தீன் பைகளில் பயணம் செய்து வரும் மீன்கள் கடைத்தொட்டியில் இறங்குகின்றன. கோல்டு ஃபிஷ் சீனாவிலும், கப்பியும் ஏஞ்சலும் ஆஸ்காரும் தென் அமெரிக்காவிலும், ஃபைட்டர் தாய்லாந்திலும் தோன்றியவை. வீட்டுக்கு யோகம் என்று சொல்லி அரோவானாவும் ஃப்ளவர்ஹார்னும் விற்கின்றன. கூப்பிடு தூரத்தில் காவிரி ஓடும் ஊரில், காவிரிக்கே உரிய மீன் கடையில் காண அரிதாக இருப்பது வருத்தமானது. பிள்ளைகள் ஆப்பிரிக்க, அமெரிக்க மீன்களின் பெயர்களை அடுக்கிச் சொல்கிறார்கள். தாங்கள் குடிக்கும் தண்ணீரில் வளர்ந்த மீனைப் பார்த்ததில்லை.

இந்தச் சரக்கில் சக்கர் மீனைப் பற்றி மட்டும் தனியே சொல்ல வேண்டும். தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும் என்று ‘டேங்க் கிளீனர்’ பெயரில் விற்கும் தென் அமெரிக்க மீன் அது. விரல் அளவில் வாங்கியது ஒன்றரை அடியாக வளர்ந்ததும் தொட்டி போதாமல் ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். தமிழக நீர்நிலைகளில் அது இப்போது தானாகவே பெருகுகிறது. எலும்புத் தகடு போர்த்திய உடலும் முள் துடுப்பும் வலையை அறுத்துவிடும், உண்பாரும் இல்லை. அளவு மீறி வளர்ந்த மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுப்பதும், வளர்க்க விரும்பும் இன்னொருவருக்குக் கொடுப்பதும் ஆற்றுக்குச் செய்யும் பெரிய நன்மை. வண்ணமீன் தொழில் ஆற்றிலிருந்து எடுப்பதைப் பற்றிப் பேசுமளவுக்கு, அது ஆற்றில் கொட்டுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அருளியஸ் என்ற பெயர் ஐரோப்பியத் தொட்டிகளில் 1950-களிலிருந்தே புழங்கிவருகிறது. அதே காலத்தில், 1954-ல், இ.ஜி. சைலஸ் தாமிரபரணியிலிருந்து கிடைத்த ஒரு கெண்டையை அருளியஸின் கிளையினமாக விவரித்தார். அதற்கு அந்த ஆற்றின் பெயரையே வைத்தார். பின்னாளில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் அவர். இன்று தாமிரபரணி மீன் தனி இனமாக ஏற்கப்பட்டிருக்கிறது: டாக்கின்சியா தாம்பிரபர்ணியை. இரண்டுக்கும் வேறுபாடு ஆண் மீன்களில்தான் எளிதில் பிடிபடும். தாமிரபரணி ஆணின் முதுகுத் துடுப்பிழைகள் நீளமாகி, நீந்தும்போது பின்னால் அலைந்து வரும். காவிரி ஆணுக்கு இழைகள் குறுகியவை. பார்வைக்கு அழகான நீள இழை மீனைத்தான் வாங்குபவர் விரும்புவார். அதனால் அருளியஸ் என்று அச்சிட்ட படங்களிலும் பட்டியல்களிலும் தொட்டிகளிலும் தாமிரபரணி மீனே இடம்பிடித்துக்கொண்டது. குஞ்சுப் பருவத்தில் குழப்பம் இன்னும் கூடும். கேரள ஆறுகளில் நிறையக் கிடைக்கும் ஃபிலமென்ட் பார்பின் குஞ்சுகளுக்கும் உடலில் கரும்பட்டைகள் இருக்கும். வளர வளர அவை மறைந்து வாலருகே ஒரு கரும்பொட்டு மட்டும் நிற்கும். விரல் அளவுக் குஞ்சை வைத்துக்கொண்டு எந்த ஆற்று மீன் என்று உறுதியாகச் சொல்வது அனுபவசாலிக்கும் கடினம்.

இந்த இனங்கள் எல்லாம் முன்பு புன்டியஸ் என்ற பெரிய பேரினத்துக்குள் அடங்கியிருந்தன. 2012-ல் இலங்கை ஆய்வாளர்கள் ரோஹன் பெத்தியகொட, மாதவ மீகஸ்கும்புர, கலும் மடுவகே மூவரும் தெற்காசியக் கெண்டைகளைப் பிரித்து ஒழுங்குபடுத்தியபோது, துடுப்பிழை கொண்ட கூட்டத்துக்கு உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் பெயரால் டாக்கின்சியா என்று பெயரிட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் குமரி மாவட்டத்திலிருந்து விவரிக்கப்பட்ட இன்னொரு கெண்டைக்கு ரோஹனின் பெயர் வைக்கப்பட்டிருந்தது. ஆற்றுக்கு ஆறு தனி இனம் என்பது இந்தக் கூட்டத்தின் இயல்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு பக்கமும் தனித்தனியாக இறங்கும் ஆறுகளில், ஒன்றோடொன்று கலக்க வழியில்லாமல், ஒவ்வொரு மீனும் தன் ஆற்றிலேயே மாறி வந்திருக்கிறது. ஓர் ஆற்றில் அழிந்தால் பக்கத்து ஆற்று மீன் அந்த இடத்தை நிரப்பாது.

வண்ணமீன் வணிகம் ஓர் ஆற்று மீனை எந்த அளவுக்கு வற்றவைக்கும் என்பதற்குக் கேரளத்தின் டெனிசன் கெண்டை தெளிவான சான்று. 1865-ல் ஃபிரான்சிஸ் டே அதை விவரித்தபோது அன்றைய சென்னை ஆளுநர் சர் வில்லியம் டெனிசனின் பெயரை வைத்தார். செந்நிறக் கோடு ஓடும் இந்த மீன் 1997-ல் சிங்கப்பூரின் அக்வாராமா கண்காட்சியில் பரிசு பெற்றதும் உலகச் சந்தையில் விலை ஏறியது. ‘மிஸ் கேரளா’ என்ற பெயரும் சேர்ந்தது. 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து 30 அச்சுறுத்தலுக்குள்ளான நன்னீர் மீன் இனங்களைச் சேர்ந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் ஏற்றுமதியாயின என்று ராஜீவ் ராகவனும் அவருடைய குழுவினரும் 2013-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதில் பெரும்பங்கு மூன்று வகைகளுக்கு: வரி லோச், குள்ளப் பேத்தை, டெனிசன் கூட்டம். டெனிசன் கெண்டையைப் பிடிக்கக் கேரள அரசு 2008-லேயே தடைக்காலம் அறிவித்திருந்தது. ஆனால் தடை மாதங்கள் மீனின் இனப்பெருக்கக் காலத்தோடு பொருந்தவில்லை. மீன் எப்போது முட்டையிடுகிறது என்று பார்க்காமல் போட்ட தடை மீனைக் காக்கவில்லை.

அருளியஸின் நிலைமை இதிலிருந்து மாறுபட்டது. அதன் பெயரில் விற்கும் மீன்களில் பல பண்ணைகளில் பெருகியவை. தொட்டியில் இனப்பெருக்கம் செய்வது கடினமில்லை. நல்ல வடிகட்டியும் ஓட்டமும் நீளமான தொட்டியும் ஆறேழு மீன்களின் கூட்டும் இருந்தால் போதும். அதனால் ஆற்றில் குறைந்தாலும் தொட்டியில் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளத் தோன்றும். ஆனால் தொட்டியில் இருப்பது தாமிரபரணி மீன், அல்லது எந்த ஆறு என்றே தெரியாத கலப்பு. அதைக் கொண்டு காவிரியின் இருப்பை நிரப்ப முடியாது. தாமிரபரணி மீனும் அருகிவரும் இனமே என்பதால், பெயர் மாறி விற்பதில் இரண்டு ஆறுகளுக்கும் நட்டம்.

இப்படி ஒரு தவறுக்குக் காவிரி ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. காவிரிப் படுகைக்கே உரிய திமில் மயில்சேல் (மஹசீர்) ஒரு காலத்தில் உலகத் தூண்டில்காரர்களை மைசூருக்கு இழுத்த மீன். 1946-ல் கபினியில் ஜே. டி வெட் வான் இங்கன் பிடித்த ஒரு மீன் 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கும் மேல். மயில்சேல்கள் குறைந்தபோது லோனாவாலாவில் உள்ள டாடா நிறுவனப் பண்ணையில் வளர்த்த நீலத்துடுப்பு மயில்சேல் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்த வேலை அது. வந்த இனம் பெருகியது, சொந்த இனம் சுருங்கியது. திமில் மயில்சேலுக்குச் சரியான அறிவியல் பெயர் எது என்பதே 2018-ல்தான் தீர்ந்தது: டார் ரெமாதேவியை. அந்த ஆண்டே அது சிவப்புப் பட்டியலில் மிக அருகிய இனமாகச் சேர்ந்தது. அருளியஸ் பெயரில் உள்ள பண்ணை மீன்களை என்றாவது காவிரியில் விட முனைபவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. மீட்பு வேலைக்கு மோயாற்றிலோ பவானியிலோ எடுத்த, ஊர் தெரிந்த தாய்மீன்கள் வேண்டும்; அவற்றை வேறு கெண்டைகளோடு கலக்காமல் வளர்க்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து திருவானைக்காவல் வழியாகக் கல்லணைச் சாலை கிழக்கே போகிறது. திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு தாண்டும்போது காவிரியும் கொள்ளிடமும் நெருங்கி வந்து, தீவு ஒடுங்கிக்கொண்டே போகும். முடிவில் கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை. ஏறக்குறைய 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். இங்கிருந்து காவிரி, வெண்ணாறு, 1934-ல் வெட்டி முடித்த கல்லணைக் கால்வாயாகிய புது ஆறு என்று நீர் பிரிகிறது. மிச்சம் கொள்ளிடத்தில் இறங்கும். கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி முட்டையிடும் உல்லம் மீன் கொள்ளிடத்தின் வழியே மேலே வந்த காலம் உண்டு. குறுக்கு அணைகளும் மேட்டூரும் அந்த ஏற்றத்தை நிறுத்திவிட்டன. மதகு இறங்கும் இடத்தில் நுரைத்து விழும் நீரில் இன்றும் வீச்சுவலை போடுகிறார்கள். எதிர்நீச்சல் போட வந்து சுவரில் முட்டித் திரும்பும் மீன்கள் அங்கே கூடுவதால்தான் வலைக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது.

அருளியஸை அதன் ஓட்டத்திலேயே பார்க்க விரும்புபவர் கல்லணையிலிருந்து எதிர்த்திசையில் போக வேண்டும். திருச்சியிலிருந்து கரூர் வழியாக ஈரோட்டுக்குப் போகும் ரயில் பாதை வெகுதூரம் காவிரியை ஒட்டியே செல்கிறது. ஈரோட்டுக்கு அருகில் பவானி கூடுதுறையில் பவானியாறு காவிரியில் கலக்கிறது. அங்கிருந்து சத்தியமங்கலம், பவானிசாகர் வழியாக மேலே போனால் மோயாறு நீர்த்தேக்கத்தில் வந்து சேரும் இடம். அதற்கு மேலுள்ள மோயாற்றுப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. மழைக்காலத்தில் நீர் கலங்கி எதுவும் தெரியாது. வெள்ளம் வடிந்து நீர் தெளிந்த பின்பு, கரையோரப் பாறை நிழலில், ஓட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கும் கெண்டைக் கூட்டங்களில் கரும்பட்டையும் குறுகிய துடுப்பிழையும் உள்ளதைத் தேட வேண்டும்.